பனிக்குள் போன ஆட்டம்

1987 செப்டம்பர் 24, வியாழன்

காலை முழுக்கக் கடைக்கு ஒரே ஒரு ஆள். பச்சை நூல் இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு, பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ன அது போதுமா என்று கேட்டாள். பேரன் எவ்வளவு பெரியவன் என்று கேட்டதற்கு, “இன்னும் பொறக்கல” என்றாள். அவள் போன பிறகு பிறக்காத அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டே அரை மணி நேரம் சன்னலைப் பார்த்து நின்றிருக்கிறேன். மணி ஒன்று ஆனதுகூடத் தெரியவில்லை.

மதியத் தபாலில் கால்பந்து லீக்கின் கடிதம். எதிர்பார்த்ததுதான். கெல்வினுக்கு இரண்டு ஆட்டம் தடை. கொடி பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடியவரிடம், “உங்க கண்ணாடிய உங்க வீட்டம்மா போட்டுக்கிட்டுப் போயிட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறான். சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் க்ரெஸ்விக் வெல்ஃபேர் அணியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோல் அடிக்கிறவன் இவன் ஒருத்தன்தானே.

கூடப்பிறந்தவன் க்ளெம்தான் அணி மேலாளர். கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டியை ணங்கென்று அடுப்பில் வைத்தான். “எதிரணியில பதினோரு பேரு. பன்னெண்டாவது ஆளு இவனோட வாயி.”

சமையலறைக் காலண்டரில் 26ஆம் தேதிக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, அக்டோபர் 3க்கு ஒன்று. அணிக்குச் செயலாளர் ஆனதிலிருந்து, பதினான்கு வருடமாக, இப்படித்தான் குறிக்கிறேன். குறி முடிந்தால் தடை முடிந்தது.

செப்டம்பர் 26, சனி

கெல்வின் இல்லாமலே 1–0. தள்ளுமுள்ளில் யாரோ ஒருவர் முட்டியில் பட்டு உள்ளே போனது. யார் முட்டி என்று பத்திரிகைக்காரன் கேட்டான். ஆளாளுக்குத் தன் முட்டி என்கிறார்கள்.

அக்டோபர் 3, சனி

மாலை ஆறு மணி. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முதலில் எழுதிவிட வேண்டும்.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் வரை நல்ல வெளிச்சம். பிறகு கடல் பக்கத்திலிருந்து பனி வந்தது. ஒரு சத்தமும் இல்லை. முதலில் எதிர்மூலைக் கொடி போனது. அப்புறம் வெதர்லா அணியின் கோல் காப்பாளர் போனார். அப்புறம் எதிர்ப்பக்கம் நின்ற எண்பது பேர். ஒருத்தர் விடாமல் போய்விட்டார்கள், குரல் மட்டும் இருந்தது. என் முன்னால் பத்தடிப் புல், ஒரு துண்டு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் உலகம்.

வெதர்லா செயலாளர் மிஸ்டர் பாலிஸ்டர் என் பக்கத்தில்தான் நின்றார். எத்தனையோ வருடமாகத் தொலைபேசியிலும் கடிதத்திலும் பழக்கம். ஓய்வுபெற்ற வாத்தியார். இருமல் மிட்டாய் டப்பாவை நீட்டினார். அந்த நேரம் பனிக்குள்ளே எங்கேயோ பந்து உதைபடும் சத்தம், பிறகு வலை சரசரக்கிற மாதிரி ஏதோ, பிறகு அவர்கள் கோல் காப்பாளர் கெட்ட வார்த்தையில் கத்துவது கேட்டது.

“மிஸ் டாட்ஸ், அது கோலா?”

“அவர் திட்டறதப் பார்த்தா கோல் மாதிரிதான் இருக்கு.”

“அப்ப சரி. ரெண்டுன்னு போட்டுக்கறேன்.” பென்சிலால் குறித்துக்கொண்டார்.

எங்கள் இடது ஓரத்து ஆள் திடீரென்று வெள்ளைக்குள்ளிருந்து பந்தோடு ஓடி வந்தான். தூக்கத்தில் நடக்கிறவன் முகம். எங்களைக் கடந்தான், மறுபடி உள்ளே போய்விட்டான். அவன் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நான் கையை நீட்டித் தொட்டிருக்கலாம். பாலிஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அறுபத்தொன்பதாவது நிமிடம் நடுவர் விசில் ஊதிவிட்டார். க்ளெம் பாய்ந்து போனான். “இன்னும் இருபது நிமிஷந்தான்யா! ரெண்டு கோல் முன்னாடி இருக்கோம்! மஞ்சப் பந்து கொண்டாரச் சொல்லட்டுமா?”

“நான் எங்க நிக்கறேன்னே எனக்குத் தெரியல, க்ளெம்” என்றார் அவர். ஆட்டம் ரத்து. இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும்.

க்ளெம் வீடு வரை வைதுகொண்டே வந்தான். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மூன்று புள்ளி கைநழுவிவிட்டது, நான் அழ வேண்டும். ஆனால் சின்ன வயதில் காய்ச்சல் விட்ட காலையில் ஒரு லேசு இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு. இத்தனை வருடத்தில் இதைப் போல் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பார்த்தேன்.

அக்டோபர் 10, சனி

கெல்வின் திரும்பினான். 3–1. அவனுக்கு இரண்டு. முதலிடம்!

அக்டோபர் 17, சனி

கெல்வினுக்குக் கணுக்கால் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. வேலிக்கு வெளியே நின்று தேநீர் குடித்தபடி எல்லாருக்கும் யோசனை சொன்னான். 0–0.

நவம்பர் 22, ஞாயிறு

விடியற்காலை அந்த ஆட்டம் கனவில் வந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவர் விசில் ஊதியது அவர்கள் காதில் விழவே இல்லை போல. நான் வேலியோரம் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டேன், “வீட்டுக்குப் போங்கப்பா, சாப்பாடு ஆறுது” என்று. எல்லாரும் பதில் சொன்னார்கள், ஒருத்தரும் வெளியே வரவில்லை. பயமாக இல்லை. இன்னும் கொஞ்சம் அங்கேயே நின்றிருக்கலாம் என்று இருந்தது.

க்ளெமிடம் சொன்னேன். “கனவுல எத்தன கோல்?” என்றான்.

1988 ஜனவரி 14, வியாழன்

தரை உறைந்து இரும்பாகிவிட்டது. மூன்று வாரமாக ஆட்டமில்லை. கடையில் சாம்பல் நிற நூல் மட்டும் விற்கிறது.

பிப்ரவரி 27, சனி

2–0. வெதர்லாவும் ஜெயித்தார்கள். மேல் பிரிவுக்குப் போவது ஓர் அணிதான். அது நாங்கள் அல்லது அவர்கள். எழுபத்தொரு வருடத்தில் க்ரெஸ்விக் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. நிலக்கரிச் சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரில் எதுவும் மேலே போனதில்லை.

க்ளெம் சாப்பாட்டு மேசையில் பேருந்து கால அட்டவணையை விரித்து வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். மேல் பிரிவு ஊர்களுக்கு எந்த வழியாகப் போவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்! நான் பார்த்ததும் சட்டென்று மடக்கிவிட்டான். ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வருடம் மேலாளர். காது சிவந்துவிட்டது பாவம்.

மார்ச் 15, செவ்வாய்

லீக் கடிதம். வெதர்லா ஆட்டத்துக்குக் கடைசியில் தேதி கிடைத்துவிட்டது. மே 7, எங்கள் மைதானம், சீசனின் கடைசி ஆட்டம். அடியில் ஒரு வரி — அக்டோபர் 3 ஆட்டம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, ஆடப்படாததாகவே கருதப்படும்.

அந்த வரியைப் படித்து முதலில் வருத்தப்பட்டேன். ஆடப்படாததா? நான் நின்று பார்த்தேனே என்று. நூலைச் சுற்றிக்கொண்டே, அந்த ஆட்டத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தேன், முட்டாள் மாதிரி. மூன்றரை மணிக்குத்தான் கை நின்றது.

ஆடப்படாத ஆட்டம் என்றால் கெல்வினுக்கு அன்றைக்குத் தடை கழியவில்லை.

ஒன்றுதான் கழிந்திருக்கிறது. அக்டோபர் 10 அன்று அவன் ஆடியிருக்கக் கூடாது. ரெண்டு கோல் அடிச்சான். மூணு புள்ளி. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்! காலண்டர்ல முன்கூட்டியே குறி போட்டுட்டு, அதப் பாத்துப் பாத்தே... விதிப் புத்தகத்துல பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு, பச்சப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஆட்டம் நடக்கலன்னு என் மனசுக்குத்தான் தெரியல.

மார்ச் 16, புதன்

அந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரம் கணுக்கால் வீங்கி அவன் வெளியே நின்றதில் மீதித் தடை தானாகக் கழிந்துவிட்டது. ஆக, தப்பு ஒரே ஆட்டத்தில்தான். மூன்றே புள்ளி. நாங்கள் முன்னால் இருப்பதோ ஒரே புள்ளி.

யாரும் கவனிக்கவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

மார்ச் 18, வெள்ளி

கடைக்கு வந்தவள் நீலம் கேட்டதற்கு மஞ்சள் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 20, ஞாயிறு

க்ளெமிடம் சொல்லிவிட்டேன். மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“நீ ஒரு ஆளா? லீக்குல யாருக்குத் தெரியும்னு கேட்டேன்.”

“இப்போதைக்கு யாருக்கும் தெரியாது.”

“அப்ப வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

சாப்பிட்டோம். பிறகு, பாத்திரம் துடைக்கும்போது, மெதுவாகச் சொன்னான்: “தெல்மா, இந்த ஒரு தடவ. எனக்காக. நான் உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல.”

உண்மைதான். எதுவும் கேட்டதில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்குக் காலைத் தேநீர் போட்டுக் கொடுக்கிறவன் அவன்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, கால்பந்துதான் ஆனது. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

மார்ச் 21, திங்கள்

இரண்டு வருடத்துக்கு முன் ஹெக்ஸ்பி அணி பதிவு செய்யாத ஆளை இறக்கியதைக் கண்டுபிடித்து லீக்குக்கு எழுதியது யார்? நான். நல்ல தாளில், தட்டச்சில், இரண்டு நகலோடு. அவர்கள் புள்ளி போய்க் கீழே இறங்கினார்கள். அந்தச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “விதின்னா விதிதானே” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

இப்போது என் வீட்டுக் கதவைத் தட்டியதும் விதி செத்துப்போச்சா?

மார்ச் 22, செவ்வாய்

எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டதும் கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். வாய் சின்னது, மணிக்கட்டு வரைதான் போனது. தெருவில் போனவர், “என்னம்மா, மோதிரம் விழுந்துடுச்சா?” என்றார்.

க்ளெமிடம் சொல்லவில்லை. கோழை.

ஏப்ரல் 8, வெள்ளி

மூன்று புள்ளி பறிக்கப்பட்டது. தாமாக முன்வந்து தெரிவித்ததைக் குழு பாராட்டுகிறதாம்.

கடிதத்தை மேசையில் வைத்தேன். க்ளெம் கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. தொப்பியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். சன்னலிலிருந்து பார்த்தேன். தனியாகக் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நாளைக்கு அங்கே ஆட்டமே இல்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

தேநீர் வைக்கிறான். ஆனால் என் அறைக்குக் கொண்டுவருவதில்லை, மாடிப்படியில் மூன்றாவது படியில் வைத்துவிட்டுப் போகிறான். ஒரு வார்த்தை கிடையாது.

ஏப்ரல் 16, சனி

உடை மாற்றும் அறையில் ஆட்டக்காரர் பட்டியலை ஒட்டப் போனேன். பேச்சு நின்றது. கெல்வின் மட்டும் எழுந்து வந்து, “என் வாயால வந்த வினை மிஸ் டாட்ஸ், நீங்க என்ன பண்ணுவீங்க” என்றான். அழுதுவிடுவேன் போலிருந்தது. “சாக்ஸ மேல இழுத்து விடு” என்று அதட்டிவிட்டு வெளியே வந்தேன்.

4–0.

ஏப்ரல் 30, சனி

ஜெயித்தோம். வெதர்லாவும் ஜெயித்தார்கள். அவர்கள் 65, நாங்கள் 63. அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும். அந்த மூன்று புள்ளி இருந்திருந்தால் சமன் செய்தாலே போதும். இதை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூட்டிப் பார்க்கிறேன். விடை மாறவில்லை.

மே 7, சனி

மே மாத வெயில். கடலின் கடைசிக் கோடு வரை தெளிவு. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். அறுநூறு பேர் வந்திருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை பேர் உயிரோடு இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் முதல் பாதி முழுக்கப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒன்று போட்டார்கள். எழுபதாவது நிமிடம் கெல்வின் தலையால் முட்டிச் சமன் செய்தான். அதன் பிறகு கடைசி இருபது நிமிடம் எங்கள் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பந்து ஒரு தடவை கம்பத்தில் பட்டது. ஒரு தடவை கோட்டின் மேலேயே நின்று யோசித்தது. உள்ளே போகவில்லை.

1–1. அவர்கள் 66, நாங்கள் 64.

க்ளெம் எல்லாருக்கும் கை கொடுத்தான். வெதர்லா பிள்ளைகளுக்கும் கொடுத்தான், ஒவ்வொருவருக்கும், முதுகில் தட்டி. என்னைக் கடந்து போகையில், “எனக்குப் போதும். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு” என்றான். ஒரு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மன்ற அறையில் பாலிஸ்டர் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

“மிஸ் டாட்ஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அக்டோபர்ல சனிக்கிழமை சாயங்காலத் தாள்லயே பாத்துட்டேன். கெல்வின் ரெண்டு கோல்னு. அப்பவே எண்ணிட்டேன்.”

எனக்குக் காது அடைத்தது. “அப்ப நீங்க எழுதியிருப்பீங்க, இல்லையா? நான் எழுதலன்னாலும்.”

அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போட்டிருக்கவில்லை.

“மூணு தடவ எழுத உக்காந்தேன். அக்டோபர் மூணாந்தேதி ஆட்டம் நடக்கவே இல்லன்னு எழுதணும். நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. எனக்குக் கை வரல. இல்ல மிஸ் டாட்ஸ், நான் அனுப்பியிருக்க மாட்டேன். இத உங்ககிட்ட மறைச்சா தப்புன்னு தோணுச்சு, அதான்.”

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது? அறையில் அவர்கள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி கேட்டது.

மே 8, ஞாயிறு

அப்படியென்றால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஒருத்தருக்கும். நான் வாயை மூடியிருந்தால் போதும்.

மே 19, வியாழன்

தவறு செய்துவிட்டேனா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். எழுதியது தவறு என்று இன்னும் தோன்றவில்லை. ஆனால் க்ளெம் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறேன். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை சும்மா உட்கார்ந்திருக்கிறான். மைதானப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. தேநீர் மட்டும் மூன்றாவது படியில்.

கடையில் இன்று அரை நாள் நின்றபடியே கனவு கண்டேன். பனிக்குள் நானும் ஓடுகிறேன், கையில் விதிப் புத்தகம். பன்னிரண்டாம் பக்கம் வெறும் வெள்ளை.

ஜூன் 12, ஞாயிறு

மழை. கோழி வறுத்திருந்தேன். க்ளெம் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். முள்கரண்டியை மேசை விரிப்பின் கோட்டோடு கோடாக வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

“அந்த வெதர்லாக்காரர்.”

“மிஸ்டர் பாலிஸ்டரா?”

“அன்னிக்கு உன்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு. அவருக்குத் தெரியுமா? கெல்வின் விஷயம்?”

“தெரியும். அக்டோபர்லயே கண்டுபிடிச்சுட்டாராம்.”

தலையை ஆட்டினான். மழை பலத்தது. நான் பாத்திரத்தை எடுக்கப் போனேன்.

“நீ எழுதலன்னா அந்தாளு எழுதியிருப்பாரா?”

திரும்பாமல் கேட்டான். கழுத்து நரம்பு தெரிந்தது. அப்பாவுக்கு இருந்த மாதிரியே அவனுக்கும் பின்கழுத்து மெலிந்துவிட்டது, எப்போது என்று நான் கவனிக்கவில்லை. இத்தனை நாளாக இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எழுதியிருப்பாரு” என்றேன். “உறையில போட்டுத் தயாரா வெச்சிருந்தாராம். எப்படியும் போயிருக்கும், க்ளெம்.”

நல்ல வேளை, பார்த்துக்கொண்டே பொய் சொல்லக் கையில் தட்டு இருந்தது.

“அப்ப மூணு புள்ளி போனது போனதுதான்.”

“போனதுதான்.”

“சரி.” நீளமாக மூச்சு விட்டான். “சரி, அப்ப சரி. நாம சொல்றதுக்கு முன்னாடி அவன் சொல்லியிருந்தா அசிங்கமாப் போயிருக்கும். நீ செஞ்சதும் சரிதான் போ.”

பிறகு எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே, அந்த இடது ஓரத்து ஆள் அடுத்த வருடமும் இருப்பானா என்று கேட்டான். புதுப் பதிவுப் படிவங்கள் வந்துவிட்டனவா என்றான். அலமாரியிலிருந்து கட்டாக எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஈரக் கையோடு தொடாதே என்றேன். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.